மூன்று கிலோ இருநூறு

என் பை மூன்று கிலோ இருநூறு கிராம். சமையலறைத் தராசில் இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டேன். மைசூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற எங்கள் குழுவில் ஆளுக்கு ஐந்து கிலோதான் அனுமதி. கூட வரும் டெம்போவில் அரிசியும் அண்டாவும் மட்டும் ஏறும். அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும். குழுத்தலைவர் ஜேக்கப் கொக்கித் தராசோடு கோவில் ஹாலில் நிற்பார், ஒரு சோப்பு எடை கூடினாலும் பையைத் திறந்து கொட்டிவிடுவார் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். எனக்கு ஒரு பயமும் இல்லை.

காவி நிறத்தில் இரண்டு சுடிதார். ஒரு துண்டு, ஒரு மெல்லிய போர்வை. பாதியாக வெட்டிய சோப்பு, காம்பை நறுக்கிய பிரஷ். கொப்புளத்துக்கு ஊசியும் நூலும் வாசலினும். பழைய காட்டன் சாக்ஸ் நாலு ஜோடி. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட், பிறகு ஜெபமாலை. இருபத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். மூன்று பையோடு வார்டுக்கு வந்து சேர்கிறவர்கள் கடைசியில் ஒரு டம்ளரையும் ஒரு துண்டையும் வைத்துக்கொண்டு பத்து நாள் இருந்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எதை விடலாம் என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை.

மொபைல் பட்டியலில் இல்லை. மறந்துபோய் அல்ல. அதை விட்டுவிட்டுப் போவதற்காகத்தான் நானூற்றெண்பது கிலோமீட்டரும் பதினேழு நாளும்.

என் கணவர் மரியராஜ் நல்ல மனிதர். இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. குடிகாரர் என்றால் யாரிடமாவது புலம்பலாம். கை நீட்டுகிறவர் என்றால் அண்ணன் தம்பி வந்து பஞ்சாயத்துப் பேசுவார்கள். ரயில்வேயில் நேர்மையாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, விஜயநகரில் வீடு கட்டி, ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து, மனைவி வைத்த குழம்பை ஒரு நாளும் குறை சொல்லாத மனிதரைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்வது?

போன நவம்பரில் அவருக்கு பைபாஸ் ஆனது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்.

"ஹில்டா."

குளித்துக்கொண்டிருப்பேன். பாதியில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்பேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சும்னே கூப்பிட்டேன்."

அடுப்பில் பால் இருக்கும், மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருப்பேன், ஜெபமாலையில் மூன்றாவது மணியில் இருப்பேன். "ஹில்டா." காய்கறி வாங்கப் போனால் மொபைலில் கூப்பிடுவார். கூப்பிட்டு, "கடைக்குப் போயாச்சா?" என்பார். வேறு ஒன்றும் இருக்காது. ஒரு நாள் காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். சாயங்காலக் காப்பிக்குள் நாற்பத்துமூன்று கோடு. அது பயம் என்று எனக்குத் தெரியும். நெஞ்சைத் திறந்து தைத்தவர்களுக்கு அப்படி வரும், நூறு பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நூறு பேரையும் எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடுவேன். இங்கே வீடே வார்டாகிவிட்டது, டியூட்டி மாற்ற ஆள் இல்லை.

ஜூன் மாதம் கோவிலில் நடைப்பயணத்துக்குப் பேர் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டில் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"நடந்தா?" என்றார் மரியராஜ். "கார்லயே போலாமே. காலையில கெளம்புனா சாயங்காலம் மாதா முன்னாடி நிக்கலாம்."

பெங்களூரிலிருந்து மகள் நிம்மி போனில் கத்தினாள். "அம்பத்தொம்போது வயசாய்து மம்மி. இதெல்லாம் பேடா, வேணாம்."

அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. "நேர்ச்சை. உங்க டாடி ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கப்போ மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். நல்லபடியா வந்தா நடந்தே வரேன்னு."

அவ்வளவுதான், வீடு அமைதியாகிவிட்டது. எங்கள் ஆட்கள் எதை வேண்டுமானாலும் தடுப்பார்கள், நேர்ச்சையைத் தடுக்க மாட்டார்கள். மாதாவுக்கும் நேர்ந்தவருக்கும் நடுவில் புகுந்து, அதனால் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? நிம்மி, "ஓ" என்றாள். மரியராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

அது பச்சைப் பொய். நான் எந்த நேர்ச்சையும் செய்யவில்லை. அன்று ஐந்து மணி நேரமும் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மாதா பெயரில் பொய் சொன்ன உறுத்தல் இருக்கத்தான் செய்தது. நடந்து போய் நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு மாதம் மரியராஜ் அந்த நேர்ச்சையைச் சொல்லாத ஆளில்லை. பார்க்கில் வாக்கிங் வருகிறவர்கள், பால்காரர், பக்கத்து வீட்டு ஸரஸா எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஸரஸா மேல்கோட்டைக்காரி, ஐயங்கார் வீடு. வழியில் சோற்றில் பிசைந்து சாப்பிட அரைக் கிலோ புளியோதரைப் பொடி கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அரைக் கிலோ. நன்றி சொல்லி வாங்கி டப்பாவில் கொட்டி சமையலறையிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் பொடி பைக்குள் இருந்தது. டார்ச்சும் இருந்தது. எடுத்து வெளியே வைத்தேன். அதற்கு மறுநாள் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின், ரெயின்கோட், மடக்கு ஸ்டூல், பவர் பேங்க். எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றி, என் மொபைல். மரியராஜ் வேண்டாம் என்று எதையும் சொல்ல மாட்டார். சேர்த்துக்கொண்டே போவார்.

"எட்டு கிலோ ஆய்து. ஜேக்கப் என்னை வாசல்லயே நிறுத்திடுவாருங்க" என்றேன்.

"வேணும்னா வச்சுக்க, வேணாம்னா எடுத்துடு. உன் இஷ்டம்" என்றார். நான் எடுப்பேன். அவர் வைப்பார். பத்து நாள் இப்படியே போனது. பிறகு திடீரென்று நிறுத்திவிட்டார். பை மூன்று கிலோ இருநூறிலேயே நின்றது. பாவம், ஒருவழியாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அன்று அவருக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் மாதம், கிளம்புவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு ஹாலில் பை எடை பார்க்க வேண்டும். மூன்றரைக்கு அலமாரியைத் திறந்தால் பை இல்லை.

"வெளிய வா, ஹில்டா" என்றார் வாசலிலிருந்து.

காரின் பின் கதவு திறந்திருந்தது. பின் சீட்டை மடித்துப் போட்டு அதன் மேல் காற்றடித்த மெத்தை. மெத்தையில் என் தலையணை, வீட்டில் நான் தினமும் தலை வைக்கிற அதே தலையணை. சின்ன கேஸ் அடுப்பு, மடக்கு ஸ்டூல், ரத்த அழுத்த மெஷின், ஸரஸாவின் பொடி. ஒரு மூலையில் ஒடுங்கிப்போய் என் பை.

"நீ கை வீசிட்டு நட. ஒரு கிராம்கூடத் தூக்க வேணாம். நான் பின்னாடியே வண்டியில வரேன். பதினேழு நாளும்."

"டாக்டர் விட மாட்டாருங்க" என்றேன்.

"கேட்டுட்டேன். மெதுவா கார் ஓட்டலாம், தடையில்லன்னுட்டார். என் மிஸஸ் நர்ஸ், கூடவே இருப்பாங்கன்னேன். அப்ப கவலையே இல்லன்னார்." சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். "என் உசுருக்காக நீ நடக்குற. நான் வீட்ல உக்காந்து டிவி பாக்கணுமா? மனுசனா நான்?"

நிம்மி வீடியோ காலில் சிரித்துக்கொண்டிருந்தாள். "மம்மி, ஸர்ப்ரைஸ்! மெத்தை நான்தான் ஆர்டர் பண்ணேன்."

என்ன சொல்வது? வராதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார். அந்த ஏன் நேராகப் போய் பெஞ்சில் முடியும். நேர்ச்சை அவருக்காக என்று நானே சொல்லியாகிவிட்டது. அவருக்கான நேர்ச்சையிலிருந்து அவரையே எப்படி வெளியே தள்ளுவது? என் வாயால் திரித்த கயிறு, என் காலையே கட்டிவிட்டது.

எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கை ஜேக்கப்தான். அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும், சொந்த வண்டி கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன வருஷம் மார்வாடிக் கடைக்காரர் ஒருவர் வேன் கொண்டுவருகிறேன் என்றபோது முகத்துக்கு நேரே மறுத்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஹாலில் நாற்பது பேர் வரிசையாகப் பையோடு நின்றார்கள். ஜேக்கப்பின் தராசு கீச்சென்று சத்தம் போட்டு எண்ணைக் காட்டியது. எனக்கு முன்னால் பாப்பாத்தி என்று ஒருத்தி, கொள்ளேகால் பக்கம். இந்துதான், ஒன்பது வருஷமாக நடக்கிறவள். அவள் துணிப்பை ஒரு கிலோ தொள்ளாயிரம். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

"சிஸ்டர், உங்க பை?" என்றார் ஜேக்கப்.

"கார்ல இருக்கு" என்றார் மரியராஜ், என் பின்னாலிருந்து. விஷயத்தைச் சொன்னார். நான் ஜேக்கப்பின் முகத்தையே பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

ஜேக்கப் தராசைக் கீழே வைத்துவிட்டு மரியராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சார், கால் முடியாதவங்களை ஏத்த இந்தத் தடவை ஒரு வண்டி கெடைக்கலன்னு நான் தலையில கை வச்சுட்டிருந்தேன். வண்டியும் வந்துச்சு, நர்ஸும் வந்தாச்சு. மாதாவே அனுப்பிச்ச மாதிரி."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு என்ன செய்ய?

எடை முடிந்ததும் சாட்சி. இது எங்கள் குழுவின் வழக்கம். கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று எதற்காக நடக்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஒருத்திக்குக் குழந்தை, ஒருவருக்குக் கிட்னி. பாப்பாத்தி, "பையனுக்கு வேலை கெடச்சா நடக்கறேன்னு சொன்னனுங்க. மொத வருசமே கெடச்சிருச்சு. அப்பறம் நிறுத்தத் தோணுலீங்க" என்றாள். சிரித்தார்கள். அவளுக்கு அந்தப் பதினேழு நாளில் என்ன கிடைக்கிறது என்று எனக்கு உடனே புரிந்தது.

என் முறை வந்தது. மாதாவின் முகத்தைப் பார்த்தேன். பொய்யை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன், இங்கே சொல்ல வரவில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால் எல்லாம் கலைந்துவிடும் என்று தோன்றியது. அவர் கோபித்துக்கொள்வார், காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். போகட்டும். வந்து சமாதானம் செய்துகொள்ளலாம்.

"நான் எந்த நேர்ச்சையும் செய்யல" என்றேன். ஹால் நிமிர்ந்தது. "இவருக்கு ஆபரேஷன் நடக்கும்போது நான் ஜெபிக்கல. ஜெபமாலை கையில இருந்துச்சு, ஒரு மணிகூட உருட்டல. தூங்கிட்டேன். வெளிய பெஞ்சுல அஞ்சு மணி நேரம் தூங்கினேன். என்னை யாரும் கூப்பிடல. கல்யாணமான நாள்லேருந்து அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கினதில்ல. கதவைத் திறந்து, முடிஞ்சுது சிஸ்டர்னு சொன்னப்போ, அதுக்குள்ளயான்னு நெனச்சேன்."

மரியராஜைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

ஜேக்கப்தான் எழுந்தார். "கேட்டீங்களா? நாமெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல அழுவோம், மண்டியிடுவோம். புயல் அடிக்கிறப்போ ஆண்டவர் படகுல என்ன பண்ணிட்டிருந்தார்? தலையணை வச்சுத் தூங்கிட்டிருந்தார். சீடர்கள்தான் கத்துனாங்க. இந்த சிஸ்டர் தூங்குனாங்க. இதுக்கு மேல ஒரு விசுவாசம் உண்டா?"

யாரோ "மரியே வாழ்க" என்றார்கள். நாற்பது குரல் சேர்ந்து சொன்னது. நான் "இல்ல, நான் சொல்ல வந்தது" என்று ஆரம்பித்தேன், பாட்டு எழும்பிவிட்டது. மரியராஜ் முன்னால் வந்து என் தலையில் கை வைத்தார். அவர் முகம் முழுக்கக் கண்ணீர். காவித் துண்டை ஜேக்கப் என் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டால் வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை கழற்றக் கூடாது.

ஞாயிறு விடிந்ததும் பூசை முடித்துக் கிளம்பினோம். டி. நரசீபுரம் ரோட்டில் இரண்டு இரண்டு பேராக வரிசை போனது. எல்லார் முதுகிலும் பை. நான் மட்டும் கை வீசிக்கொண்டு நடந்தேன். பின்னால் இண்டிகேட்டர் இரண்டும் சிமிட்டிக்கொண்டு எங்கள் கார் ஊர்ந்து வந்தது.

"ஹில்டா, தண்ணி?"

"வேணாங்க."

"ஹில்டா, தொப்பி போட்டுக்க."

தொப்பியும் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நடந்த பாப்பாத்தி திரும்பித் திரும்பிக் காரைப் பார்த்தாள். "குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள். எனக்கு அவள் துணிப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

வருணா ஏரிப் பக்கம் முதல் நிறுத்தம். உப்புமா சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் ஓய்வு என்றார் ஜேக்கப். புளிய மரத்தடியில் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துப் படுத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன். கார்க் கதவு திறந்து மூடும் சத்தம். செருப்புச் சத்தம் வந்து என் தலைமாட்டில் நின்றது. மடக்கு ஸ்டூல் கிறீச்சிட்டது. இதோ கூப்பிடப் போகிறார் என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன்.

கூப்பிடவில்லை.

யாரோ ஒரு பெண் கொப்புளத்துக்கு மருந்து கேட்டு வந்தாள். "ஷ்ஷ்" என்றார் மரியராஜ். "தூங்குறா. யாரும் கூப்பிடாதீங்க. அவளுக்கு யாரும் கூப்பிடாம தூங்கணும்."

துண்டுக்கு அடியில் எனக்குக் கண் நிறைந்தது. அப்படியானால் ஹாலில் அவர் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் கேட்டதை அல்ல, நான் சொன்னதையே கேட்டிருக்கிறார். பாதிதான் புரிந்திருக்கிறது, ஆனால் கேட்டிருக்கிறார். காவலுக்கு ஒரு ஆள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மூச்சு விடுகிற இடத்தில் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? நான் அசையாமல் கிடந்தேன். தூங்குகிற மாதிரி மூச்சு விட்டேன். நோயாளிகள் அப்படி நடிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், நடிக்க எனக்கும் வந்தது.

விசில் கேட்டது. பைகளை மாட்டுகிற சத்தம், பாட்டு.

"சிஸ்டர் எழுந்திருக்கலயா?" ஜேக்கப்பின் குரல்.

"நீங்க போங்க. அவ எப்ப எழுந்திருக்கிறாளோ அப்ப எழுந்திருக்கட்டும். நான் வண்டியில கூட்டிட்டு வந்து சேர்றேன்."

பாட்டு நகர்ந்து போனது. ரோட்டில் காலடிச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கண்ணைத் திறக்காமல் இருந்தால் இந்த அமைதி இருக்கும். ஆனால் நடை போய்விடும், மெத்தையும் தலையணையுமாக வேளாங்கண்ணிவரை காரில்தான். திறந்தால் நடக்கலாம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் பின்னாலேயே வரும். வேறு மூன்றாவது வழி இருக்கிறதா என்று துண்டுக்கு அடியில் தேடினேன். பாட்டுச் சத்தம் காதுக்கு எட்டாமல் போகிறவரை தேடினேன்.

எழுந்து உட்கார்ந்தேன்.

"ஏன் எழுந்த? தூங்கு. நான் யாரையும் விடல" என்றார். சிரித்தார். பன்னிரண்டு கிலோமீட்டர் கார் ஓட்டியதற்கே இளைத்துப்போன முகம். அந்த முகத்தைப் பார்த்தால் கோபம்கூட முழுசாகப் பட முடியவில்லை.

"என் பையைக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு? கை வீசிட்டு நட, மாராயத்தி" என்று மைசூர்ப் பாணியில் கொஞ்சினார்.

"குடுங்க."

கொடுத்தார். முதுகில் மாட்டிக்கொண்டேன். நான் கட்டிய பைதானா என்று சந்தேகம் வந்தது, கூடுதலாக ஏதோ இடுப்பில் இடித்தது. இறக்கித் திறந்து பார்த்தேன். துண்டில் சுற்றி, சார்ஜ் போட்டு, மொபைல். எடுத்து எறியலாம் என்று கை போனது. எறியவில்லை, பையை மறுபடி மாட்டிக்கொண்டேன். ரோட்டில் இறங்கி, தூரத்தில் தெரிந்த காவி வரிசையைப் பார்த்து வேகமாக நடந்தேன். பின்னால் கார் ஸ்டார்ட் ஆனது.

நூறு அடி போயிருப்பேன்.

"ஹில்டா."

திரும்பாமல் நடந்தேன். இந்த ஒரு தடவை பதில் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். கார் பக்கத்தில் வந்து என் நடைக்குச் சமமாக ஊர்ந்தது.

"ஹில்டா." குரலில் பயம் ஏறியிருந்தது. தியேட்டர் கதவுக்கு அந்தப் பக்கம், மயக்க மருந்து கொடுக்கிறதற்கு முன்னால், இப்படித்தான் ஒரு தடவை கூப்பிட்டார். பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது. அப்போதும் நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் தூங்கினேன். ஹாலில் அதை மட்டும் நான் சொல்லவில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சும்னே."

"இருக்கேன்" என்றேன்.

அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்சம் பின்தங்கினார். கொள்ளேகால் ஐம்பது என்று போர்டு இருந்தது. நான் அதைத் தாண்டுவதற்குள் பைக்குள் மொபைல் அடித்தது.